கேட்கப்படாத கேள்வி

காதல் எவ்வாறு முறிகிறது? பெருஞ்சண்டையாலோ மூன்றாம் ஆளின் சூழ்ச்சியாலோ முறிவதாகவே நாம் எண்ணுகிறோம். ஆனால் என் பங்குப் பணியில் நான் கண்ட முறிவுகள் பலவற்றில் சண்டையே நிகழவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை இருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சிலப்பதிகாரத்தின் கானல்வரி இதற்குத் தக்க சான்று. கோவலன் மணமானவன், கண்ணகிக்கு அவன் இழைத்த தீங்கு தனி. எனினும் அவனும் மாதவியும் பிரிந்த விதம் நோக்கத்தக்கது. புகார்க் கடற்கரையில் அவன் யாழிசைத்துப் பாடுகிறான். அவன் வேறொருத்தியை நினைத்துப் பாடுவதாக மாதவி கருதுகிறாள், ஆனால் கேட்கவில்லை. தானும் வேறொருவனை நினைப்பவள்போலப் பாடுகிறாள். அவனும் கேட்கவில்லை, எழுந்து போய்விடுகிறான். பின்னர்த் தோழி வசந்தமாலையிடம் அவள் கொடுத்தனுப்பிய ஓலையையும் ஏற்க மறுக்கிறான். மதுரை செல்லும் வழியில் கௌசிகன் கொணர்ந்த மற்றோர் ஓலையைக் கண்ட பின்னரே, அவள் குற்றமற்றவள் என்றும் தவறு தன்னுடையதே என்றும் உணர்கிறான். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இது பழங்கதை மட்டுமன்று. வண்டலூர்ப் பகுதியில் நான் அறிந்த இருவரைப் பற்றி, அவர்கள் இசைவோடு, பெயரின்றி எழுதுகிறேன். மூன்றாண்டுகள் நேசித்து, இரு வீட்டார் ஒப்புதலையும் பெற்றவர்கள். அவர் சிறுசேரியில் இரவுப் பணி செய்பவர். அவளோ விடியற்காலை மின்தொடர்வண்டியில் நகரத்துக்கு வேலைக்குச் செல்பவள். தந்தையின் மருத்துவச் செலவுக்காக அவர் கடன் வாங்கினார். அவள் வருந்துவாளே என்று மறைத்தார். பிறர் வாயிலாக அதை அறிந்த அவள், அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மனம் தாளாமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு சோகப் பாடலை வைத்தாள். அதைக் கண்ட அவர், இத்திருமணத்தில் அவளுக்கு விருப்பமில்லை என்று முடிவு செய்தார். கோவிலில் இருமுறை ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலை வாசிக்கப்படவேயில்லை. தனித்தனியே என்னிடம் வந்தபோது இருவரும் சொன்னது ஒன்றே: "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஃபாதர்!" உண்மை தெளிந்த பின்னும், ஒருவரையொருவர் நம்பும் துணிவு அவர்களிடம் எஞ்சியிருக்கவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2016-ஆம் ஆண்டில் குடும்ப அன்பைப் பற்றி வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில் உரையாடலுக்குத் தனி இடம் தந்துள்ளார். நம் பேச்சை மற்றவர் கேட்கவேண்டும் என்று விரும்புமுன், அவர் சொல்ல வந்ததை முழுமையாகக் கேட்கவேண்டும் என்பது அவரது அறிவுரை. எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில், பொழுது சாயுமுன் சினம் தணியவேண்டும் என்கிறார் புனித பவுல். இரவுப் பணிக்குச் செல்வோருக்குப் பொழுது சாயும் வேளையே புறப்படும் வேளை. புறப்படுமுன் பத்து நிமிடம் ஒதுக்கிப் பேசுங்கள்.

திருமணத்திற்குக் காத்திருக்கும் இளையோரே, ஐயம் எழுந்தால் அன்றே, நேரிலே கேளுங்கள். பாட்டாலும் மௌனத்தாலும் குறிப்புணர்த்த முயலாதீர்கள். கடனோ நோயோ குடும்பத் துயரோ எதுவாயினும் துணையாக வருபவருக்கு முதலில் சொல்லுங்கள். பெற்றோரே, நீங்கள் நடுவில் நின்று தூது சுமக்காமல், அவர்கள் இருவரும் அமர்ந்து பேச இடங்கொடுங்கள். ஒருவர் சுமையை மற்றவர் தாங்கும் வாழ்வே திருமணம். சொல்லாத சுமையை யார்தான் தாங்க முடியும்?