எம்டனின் புகைபோக்கி

1914இல் சென்னையைப் பீரங்கியால் தாக்கி, தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட ஜேர்மனியப் போர்க்கப்பல் 'எம்டன்'. அதன் 1/700 அளவு ரெசின் வார்ப்பைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மனம் சோர்ந்தது. 17 சென்ரிமீற்றர் உடல் முருங்கைக்காய்போல் வளைந்திருந்தது. வெந்நீரில் இளக்கி, கண்ணாடித்தட்டில் அழுத்தி நிமிர்த்தினேன். குமிழித் துளைகளைப் புட்டியால் அடைத்தேன். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஆதலால் நீரில் நனைத்தே தேய்த்தேன்.

மூன்றாவது புகைபோக்கி பாதியுடன் நின்றிருந்தது; வார்த்தவர் அவசரக்காரர் போலும்! பேனாக் குழாயொன்றை நறுக்கி ஒட்டினேன். போலி வேலையோ என்று உறுத்திற்று.

1914 ஒக்ரோபர் 28 அதிகாலை, எம்டனும் போலியான நான்காவது புகைபோக்கியுடனேயே பினாங்குத் துறைமுகத்துள் புகுந்தது. தன்னைப் பிரித்தானியக் கப்பலாகக் காட்டுவதற்கான வேடம் அது. அங்கு நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் கப்பல் 'ஷெம்சுக்' எண்பதுக்கும் அதிகமான மாலுமிகளுடன் மூழ்கிற்று.

என் குழாய்க்கு இன்னும் வர்ணம் பூசவில்லை.