வளைவில் சாயும் காரும் ஒரு இரும்புக் கம்பியும்

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் வாசுதேவநல்லூரில் கார் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு வேலை கூடிவிடும். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இறங்கும் சொந்தக்காரர்களை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். குளித்து முடித்த பிறகாவது வீடு திரும்புவார்களா என்றால் அதுவும் கிடையாது. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, அப்படியே ஆரியங்காவு பாலருவியையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துருவோம்" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்.

புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வரைக்கும் பிரச்சினை இல்லை. புளியரை தாண்டியதும் மலை வந்துவிடும். அங்கேதான் 'எஸ் வளைவு' இருக்கிறது. திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலையில் (முன்பு 208, இப்போது 744) லாரி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் அந்த இடத்தைத் தெரியும். வலது பக்கம் ஒடித்து நிமிர்வதற்குள் இடது பக்கம் ஒடிக்க வேண்டும். சாரலில் ரோடு நனைந்திருக்கும். எதிரே சரக்கு லாரி வரும்.

வாசுதேவநல்லூர்க் கல்லூரி மாணவர் ஒருவரின் கதை அந்த வளைவில்தான் தொடங்குகிறது. அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ஹேட்ச்பேக் கார். உள்ளே ஐந்து பேர், மேலே கேரியரில் பைகள். முதல் வளைவில் கார் ஒரு பக்கம் சாய்ந்தது, அடுத்த வளைவில் மறுபக்கம் சாய்ந்தது. பின்சீட்டில் இருந்த அம்மா கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெதுவா போய்யா..." என்றார். தாத்தாவுக்கு வாந்தியே வந்துவிட்டது.

அன்று ராத்திரி நம்ம ஆள் இணையத்தில் உட்கார்ந்து தேடினார். விடிவதற்குள் மருந்து கிடைத்துவிட்டது: ஸ்வே பார். தடிமனான ஒன்றை வாங்கி மாட்டினால் கார் தண்டவாளத்தில் போவது போலப் போகும் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் சத்தியம் செய்திருந்தார்கள். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் கையில் இருந்தது. சென்னை ஜி.பி. ரோட்டில் விசாரித்துச் சொல்லும்படி நண்பனிடம் போனும் போட்டாயிற்று.

ஸ்வே பார் என்பதும் ஆன்ட்டி ரோல் பார் என்பதும் நம்ம ஊர் மெக்கானிக்குகள் சொல்லும் 'ஸ்டெபிலைசர் பார்' என்பதும் ஒன்றுதான். பெரிய 'ப' எழுத்தைப் போல வளைத்த ஸ்பிரிங் எஃகுக் கம்பி. நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்களில் காரின் அடியோடு பிடிக்கப்பட்டிருக்கும். இரண்டு முனைகளும் லிங்க் ராடு வழியாக இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு சேரும். 1919-லேயே கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆக, நூறு வயது தாண்டிய சமாச்சாரம்.

வேலை செய்யும் விதம் எளிது. வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா உருளும், அங்கே அதற்கு வேலையே இல்லை. வளைவில் உடல் சாய்ந்து ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பும்போதுதான், ஈரத்துணியைப் பிழிவது போலக் கம்பி முறுக்கிக்கொள்ளும். முறுக்கு எதிர்க்கிற அளவுக்குச் சாய்வு குறையும்.

இதுவரை நம்ம ஆளுக்கும் தெரியும். தெரியாமல் போனது அடுத்த பாதி.

சாய்வு வேறு, பிடிமானம் வேறு. 1000 கிலோ எடையுள்ள ஒரு கார், ஓரளவு வேகமாக (புவியீர்ப்பில் பத்தில் நாலு பங்கு பக்கவாட்டு விசையோடு) வளைகிறது என்று வைத்துக்கொள்வோம். எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 145 செ.மீ. கணக்குப் போட்டால் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமார் 150 கிலோ மாறும். எவ்வளவு தடிமனான பார் போட்டாலும் இந்த 150 ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அதைக் குறைக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது கேரியரில் இருக்கும் பையைக் கீழே இறக்க வேண்டும் :-)

பார் செய்வது பங்கீடு மட்டும்தான். அந்த 150-ல் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும். எந்தப் பக்கம் இறுக்கமான பார் இருக்கிறதோ அந்தப் பக்கம் அதிகம் சுமக்கும். டயரின் குணம் என்னவென்றால், தலா 250 கிலோ தாங்கும் இரண்டு டயர்கள் தரும் பிடிமானத்தை, 400-ம் 100-ம் தாங்கும் இரண்டு டயர்கள் தர முடியாது. எனவே இறுக்கிய பக்கம் பிடிமானத்தைக் கொஞ்சம் இழக்கும். முன்பக்கத்தை இறுக்கினால் ஸ்டீயரிங்கை ஒடித்தும் கார் நேராக வெளியே தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். பின்பக்கத்தை இறுக்கினால் பின்பக்கம் வீசும்.

முன்சக்கரத்தால் ஓடும் ஹேட்ச்பேக்குகள் பொதுவாக முதல் வகை. அதனால்தான் பலரும் பின்பக்க பாரைச் சிபாரிசு செய்கிறார்கள். காய்ந்த ரோட்டில், தனியாக ஓட்டுகிறவருக்கு அது சுகமாகத்தான் இருக்கும். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ பந்தயத்தில் ஓடும் கார் என்றால் கேள்வியே இல்லை. ஆனால் அந்தப் பந்தயக்காரர்களே மழை வந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? பாரைத் தளர்த்துவார்கள், சில சமயம் கழற்றியே விடுவார்கள். புளியரை வளைவில் சீசன் நேரத்தில் பாதி நாள் மழைதான். அப்போது பின்பக்கம் வீசினால், பிடித்து நேராக்க ஓட்டுநருக்குக் கிடைப்பது ஒரு லாரி அகலம் கூட இல்லை.

நம்ம ஆள் இதையெல்லாம் யோசிக்கவில்லை. பார் வந்தால் மாட்டித் தர முடியுமா என்று கேட்கத்தான் ராஜபாளையத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போனார்.

"அண்ணாச்சி, வளைவுல வண்டி ரொம்ப சாயுது. பின்னால ஒரு பார் போடணும்."

"இருக்கட்டும் தம்பி. ஏற்கெனவே முன்னால ஒண்ணு கெடக்கே, அது எப்படி இருக்குன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. காரை ஏற்றி விளக்கு பிடித்துக் காட்டினார். நடு புஷ்ஷின் ஓட்டை வட்டமாக இருக்க வேண்டியது, முட்டை போல நீண்டு கிடந்தது. ஒரு பக்க லிங்க் ராடைக் கையால் ஆட்டினால் கடகடவென்று சத்தம். கார் கொஞ்சம் சாய்ந்த பிறகுதான் அந்த பார் வேலையையே தொடங்கும் என்ற நிலை. ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய்க் கசிவு. நான்கு டயர்களிலும் காற்று நான்கு விதம். டயரின் பக்கவாட்டில் இருந்த கடைசி நான்கு எண்களைப் படிக்கச் சொன்னார். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம் என்று அர்த்தம். படித்துவிட்டு நம்ம ஆள் பேசவே இல்லை. அந்த டயர் வாங்கும்போது அவர் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறார்.

"இதுக்கு மேல தடியா ஒண்ணு போட்டா வண்டி சாயாது தம்பி. சாயாததால நீ இன்னும் வேகமாப் போவே. டயர் வழுக்கப் போறதை முன்கூட்டியே சொல்றதே அந்தச் சாய்வுதான்."

கதையிலேயே பெரிய பாடம் இதுதான். சாய்வு பயமுறுத்துகிறது என்பது உண்மை. ஆனால் அது எச்சரிக்கையும் கூட.

சரி, இதையெல்லாம் சரிசெய்த பிறகும் பார் வேண்டும் என்பவர்கள் எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் தடிமன். கம்பியின் விறைப்பு, விட்டத்தின் நான்காம் மடங்காக ஏறும். 20 மி.மீ. பாருக்குப் பதில் 22 மி.மீ. போட்டால் 2 மி.மீ. தானே என்று தோன்றும், ஆனால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். 24 போட்டால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். எனவே ஒரு படிக்கு மேல் தாவக் கூடாது.

அடுத்து, குழாய் பாரைப் பார்த்து ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். வெளிவிட்டம் 24, உள்விட்டம் 16 மி.மீ. உள்ள குழாய், அதே அளவு கெட்டிக் கம்பியின் விறைப்பில் 80 சதவீதம் தரும். எடையோ 56 சதவீதம்தான்.

முனையில் இரண்டு மூன்று துளைகள் உள்ள பார் கிடைத்தால் நல்லது. முனையிலிருந்து உள்ளே தள்ளி மாட்ட மாட்ட இறுக்கம் கூடும். 20 செ.மீ. கையை 18 ஆக்கினால் சுமார் 23 சதவீதம் கூடும். எப்போதும் மிகத் தளர்வான துளையில் ஆரம்பிக்க வேண்டும், மழையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தது.

பின்பக்க அமைப்பையும் பார்க்க வேண்டும். ஸ்விஃப்ட் போன்ற பல ஹேட்ச்பேக்குகளில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம். அந்த பீம் தானே முறுக்கிக்கொண்டு பாதி ஸ்டெபிலைசர் வேலையைச் செய்துவிடும். புதிதாகப் போடுவது அதற்கு மேல் சேரும்.

பாலியூரித்தேன் புஷ் ரப்பரை விட இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் உரிய கிரீஸ் வைக்காவிட்டால் கிறீச்சிடும். தடித்த பார் தன் பிடிமானங்களையும் அதிகமாக இழுக்கும், அங்கே துரு இருந்தால் விரிசல் விடலாம். ஒற்றைப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் மறுசக்கரத்தையும் சேர்த்து உலுக்கும். நம்ம ஊர் உள்ரோடுகளில் இதற்குக் கொடுக்கும் விலை இடுப்புவலிதான். புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழைய பார் மலிவாகக் கிடைக்கும். ஆனால் விபத்தில் அடிபட்ட காரிலிருந்து வந்ததா, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

சட்டமும் இருக்கிறது. உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத பாகங்களை மாட்டும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுவது உத்தமம்.

நம்ம ஆள் சென்னைக்குப் போன் போட்டு "இப்போதைக்கு வேண்டாம்டா" என்றார். டியூஷன் பணத்தில் புஷ், இரண்டு லிங்க் ராடு, ஒரு ஜோடி ஷாக் அப்சார்பர் வந்தன. டயருக்கு அப்பாவும் கொஞ்சம் போட்டார். கேரியரைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று.

அடுத்த சாரலுக்கு மறுபடியும் அதே ஐந்து பேர், அதே எஸ் வளைவு. கார் இப்போதும் சாய்ந்தது, முன்பை விடக் குறைவாக. நம்ம ஆளும் முன்பை விட மெதுவாகத்தான் போனார். வளைவு தாண்டியதும் வழக்கமாக வரும் 'மெதுவா போய்யா' வரவில்லையே என்று கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார்.

அம்மா கைப்பிடியை விட்டுவிட்டு, தாத்தா தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.