பன்னிரண்டாவது நாள்

யீஷூனில் என் தங்கை வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். சிங்கப்பூர் மனிதவள அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியல். ஆங்கிலப் புத்தாண்டில் தொடங்கிக் கிறிஸ்துமஸில் முடியும் 11 நாட்கள். சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள், நோன்புப் பெருநாள், புனித வெள்ளி, மே தினம், விசாக தினம், ஹஜ்ஜுப் பெருநாள், தேசிய தினம், தீபாவளி என்று வரிசையாக இருக்கும். அச்சில் இல்லாத பன்னிரண்டாவது நாள் ஒன்றை அவளே பென்சிலால் எழுதிவைத்திருப்பாள்: தைப்பூசம்.

முதல் தடவை போனபோது அந்தப் பென்சில் எழுத்து என் கண்ணில் படவில்லை. நான் பள்ளி ஆசிரியராக இருந்தவன். கோடை விடுமுறைதான் தோது என்று மே மாதக் கடைசியில் போனேன். வாயால் நீர் உமிழும் சிங்கச் சிலை, செந்தோசாக் கடற்கரை, ராத்திரியில் மினுக்கும் ராட்சத மரங்கள் எல்லாம் பார்த்தாயிற்று. ஊர் திரும்பிய பிறகு, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டவர்களிடம் "ரொம்பச் சுத்தம்" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் வரவில்லை. முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி இருந்தேன்.

தங்கையிடம் போனில் புலம்பினேன். "டிக்கெட் போடறதுக்கு முன்னாடி என்கிட்டத் தேதி கேட்டிருக்கணும்ணே" என்றாள்.

அடுத்த தடவை கேட்டேன். பட்டியலைப் படம் எடுத்து அனுப்பினாள். அதையும் எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், அந்தச் சின்ன ஊர் எத்தனை வானத்தைப் பார்த்து நாள் குறிக்கிறது என்பது புரிந்தது. நம் பண்டிகைகள் சூரியனையும் சந்திரனையும் சேர்த்துக் கணக்கிட்டு வருகின்றன. சீனர்களும் அப்படித்தான், சந்திர மாதங்கள் பருவத்தை விட்டு விலகாமல் இருக்க அவ்வப்போது ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள். இஸ்லாமிய ஆண்டுக்குச் சந்திரன் மட்டும்தான் கணக்கு. அதனால் பெருநாட்கள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். 2004, 2005, 2006 என மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்துக்குள் வந்தன. ஒரு பயணத்தில் இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் இனி நெடுநாள் காத்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு ஜோடி ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் கைக்கு எட்டும். சீனப் புத்தாண்டு அமாவாசையை ஒட்டியது. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டியது. இரண்டும் பொங்கலுக்குப் பிந்தைய சில வாரங்களில் வந்துவிடும். சில ஆண்டு இது முந்தும், சில ஆண்டு அது. 2025-இல் ஜனவரி 29 சீனப் புத்தாண்டு, பிப்ரவரி 11 தைப்பூசம். பணியிலிருந்து ஓய்வும் பெற்றிருந்தேன். ஜனவரி 26-இல் போய் இறங்கினேன்.

புத்தாண்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் பார்த்தால், தங்கை பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறாள். அவள் ஒரு மருத்துவமனையில் தாதி. நர்ஸ் என்பதற்கு அங்கே அதுதான் சொல். "இன்னைக்கு நைட் டூட்டிண்ணே. மாப்பிள்ளை உங்களக் கூட்டிட்டுப் போவாரு." இத்தனை தூரம் தேதி பார்த்து வந்தவனுக்கு இது கொஞ்சம் உறுத்தியது. வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை நகரம் நடந்துகொண்ட விதம் விசித்திரம். சைனாடவுனில் கடைசி நேரக் கூட்டம் நெருக்கியடித்தது. மற்ற இடங்களில் எட்டு மணிக்கே சாலைகள் காலி. சீனக் குடும்பங்களுக்கு அது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் இரவு. எவ்வளவு தொலைவில் இருந்தாலும் பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுக் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு ஆரஞ்சு. ஜோடியாகத்தான் கொடுக்க வேண்டும். வாங்கியவர் பதிலுக்கு இரண்டு தருவார்.

நள்ளிரவு நெருங்கும்போது மாப்பிள்ளை என்னை வாட்டர்லூ ஸ்திரீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே 1884-இல் நிறுவப்பட்ட குவான் இம் கோயில் இருக்கிறது. புத்தாண்டு பிறந்ததும் முதல் ஊதுபத்தியைச் செருகிவிட வேண்டும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள். அதை ஒட்டினாற்போல் 1870-இல் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயில். குவான் இம்மைக் கும்பிட்டுவிட்டு வரும் சீனர்கள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் நின்று ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். அவர்களுக்கு வசதியாகக் கோயிலே வெளியில் ஒரு தூபக்கலம் வைத்திருக்கிறது. இதை அதிசயமாகப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான். அவர்களுக்கு இது அன்றாடம்.

மறுநாள் காலை சீனக் கடைகள் பெரும்பாலும் அடைப்பு. அன்று சிங்கப்பூரில் இருக்கும் பயணிக்கு ஒரு யோசனை: நேரே இந்தியர் வட்டாரமான தேக்காவுக்குப் போய்விடுங்கள். சிராங்கூன் சாலையில் இட்லிக்கும் பரோட்டாவுக்கும் பஞ்சமில்லை. அதேபோலத் தீபாவளியன்று பகலில் தேக்கா ஓய்வெடுக்கும். அன்றைக்குச் சைனாடவுன் பக்கம் நடப்பது நல்லது. ஒருவர் கடையைச் சாத்தும் நாளில் மற்றவர் திறந்துவைத்திருப்பார். இந்த ஏற்பாட்டின் முழு அர்த்தம் எனக்குப் பதின்மூன்று நாள் கழித்துத்தான் விளங்கியது.

இடைப்பட்ட நாட்களில் தேக்காவிலேயே திரிந்தேன். லிட்டில் இந்தியா என்பது சுற்றுலாப் பலகையில் அதற்கு இருக்கும் பெயர். பழைய தமிழர்கள் அந்த வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். சுண்ணாம்புச் சூளைகள் இருந்த இடம். பக்கத்திலிருக்கும் கம்போங் கப்போர் என்ற மலாய்ப் பெயருக்கும் சுண்ணாம்புக் கிராமம் என்றே பொருள். மாட்டு வியாபாரத்தின் மிச்சமாக பஃபலோ சாலையும், மலாயில் எருமையைக் குறிக்கும் கெர்பாவ் சாலையும் இருக்கின்றன. இப்போது அங்கே மாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் பொங்கலுக்குப் போக வேண்டும். கொட்டகை போட்டு மாடுகளைக் கொண்டுவந்து கட்டுவார்கள். அடுக்குமாடி வீட்டில் பிறந்த பிள்ளைகள் வரிசையில் நின்று பார்ப்பார்களாம்.

தைப்பூசம் எனக்குப் புதிதல்ல. காரைக்குடி, குன்றக்குடிப் பக்கத்து நகரத்தார் காவடிகள் பழனிக்கு நடப்பது எங்கள் நத்தம் வழியாகத்தான். சின்ன வயதில் வாசலில் பானகம் கரைத்து நின்றிருக்கிறேன். அதே நகரத்தார் 1859-இல் டேங்க் ரோட்டில் கட்டிய தண்டாயுதபாணி கோயில்தான் சிங்கப்பூர்த் தைப்பூசத்துக்கு எல்லை. முந்தின நாள் செட்டிப் பூசம். வெள்ளி ரதத்தில் முருகன் புறப்பட்டு, கியோங் சியாக் சாலையில் இருக்கும் லயன் சித்தி விநாயகரிடம் போய்விட்டு மாலையில் திரும்புகிறார். தம்பி அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறார் என்று பக்கத்தில் நின்ற ஆச்சி ஒருவர் எனக்கு விளக்கினார். உயர்ந்த வங்கிக் கட்டடங்களின் கீழே மயிற்பீலிக் காவடிகள் ஆடிப் போனபோது, நத்தம் சாலைப் புழுதி இல்லையே என்று மட்டும் தோன்றியது.

அன்றிரவு தூக்கமில்லை. தங்கை பால்குடம் எடுக்கிறாள். இணையத்தில் முன்பதிவு செய்து நேரம் வாங்கியிருந்தாள். விடியற்காலை மூன்று மணிக்கு டாக்சி. ஓட்டுநர் ஒரு சீனப் பெரியவர்; எந்தச் சாலை அடைப்பு, எந்த முனையில் இறங்கினால் நடை குறைவு என்பதெல்லாம் எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் தொடங்கி, சிலேகி சாலை வழியாக டேங்க் ரோடு முருகனிடம் போய்ச் சேரும் நடை. பால்குடங்கள்தான் அதிகம். விடிய விடிய அலகுக் காவடிகள் சேர்ந்துகொண்டன. ஊர்வலத்துக்கென்று சாலையில் ஓர் ஓரம் தடுத்து விட்டிருந்தார்கள். தடுப்புக்கு அப்பால் பேருந்துகள் வழக்கம்போல ஓடின. சந்திப்புகளில் தொண்டூழியர்கள் கை காட்டியதும் வேல் குத்தியவர்கூட நின்று, விட்டதும் நடந்தார். காவடியின் அகல உயரத்துக்கு அளவு உண்டு. மேளத்துக்கும் கணக்கு உண்டு: 1970-களில் வழிநெடுக இசைக்குத் தடை வந்தது, 2016 முதல் குறிப்பிட்ட சில இடங்களில் இசைக்க அனுமதித்தார்கள். அந்த இடம் வந்ததும் அதுவரை அடக்கிவைத்திருந்த கால்கள் எல்லாம் ஒரேயடியாக ஆடின. பத்தடி தள்ளி மறுபடி "அரோகரா" மட்டும்.

செவ்வாய்க்கிழமை அது. எட்டு மணி வாக்கில் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கோப்பிப் பையுமாக அலுவலகம் போகிறவர்கள் கூட்டத்தோடு கலந்தார்கள். அப்போதுதான் அது வேலை நாள் என்பது உறைத்தது. 1968 வரை தைப்பூசம் சிங்கப்பூரில் பொது விடுமுறை. அந்த ஆண்டு நாட்டின் உற்பத்தியை முன்னிட்டு விடுமுறைகளைக் குறைத்தபோது, கிறிஸ்தவர்கள் ஈஸ்டரை ஒட்டிய சனியையும் திங்களையும், முஸ்லிம்கள் நபிகள் பிறந்த நாளையும் விட்டுக்கொடுத்தார்கள். இந்துக்களுக்குத் தீபாவளி தங்கியது. தைப்பூசம் பட்டியலிலிருந்து போயிற்று. நம்மையும் பெரிதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பழனி இருக்கிற தமிழ்நாட்டிலேயே தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை 2021-இல்தான் கிடைத்தது.

பால்குடம் இறக்கிய பிறகு, கோயில் அன்னதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கையிடம் கேட்டேன். "லீவு கொடுத்துட்டாங்களா?"

"லீவு ஏது? என் டூட்டிய இன்னைக்கு என் சீனக் கூட்டாளி பாக்குறா. அவ நியூ இயருக்கு முதநாள் ராத்திரிய நான் பாத்தேன்ல, அதுக்குப் பதிலு. நோன்புப் பெருநாளுக்கு இன்னொரு மலாய்ப் பொண்ணுக்குக் கொடுக்கணும். பத்து வருஷமா இப்படித்தான் ஓடுது."

சோற்றைப் பிசைந்தபடி வெகு சாதாரணமாகச் சொன்னாள். பதின்மூன்று நாளாக மனதின் ஓரத்தில் இருந்த உறுத்தலை நான் சாம்பாரோடு விழுங்கினேன். அவள் பால்குடத்தில் பாதி, அந்தப் புத்தாண்டு இரவில் நிரம்பியது.

இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கண்ட பிறகு ஊர் முழுக்க அதுவே கண்ணில் பட்டது. மருமகள் ஒரு தகர டப்பா வைத்திருக்கிறாள். அதில் காசு உறைகள்: சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு, பெருநாளுக்குப் பச்சை, தீபாவளிக்கு ஊதா. சீனர்களின் வழக்கத்தை மற்றவர்கள் எடுத்து நிறம் மாற்றிக்கொண்டார்கள். "மூணுல எதுல மாமா காசு ஜாஸ்தி?" என்று என்னையே கேட்டாள். ஊதாவில் அவள் எதிர்பார்ப்பது புரிந்தது.

அதற்காகவே அதே ஆண்டு தீபாவளிக்கும் போனேன். பண்டிகைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னால் தீமிதி வரும். அதையும் சேர்த்துத் திட்டம். பக்தர்கள் பெருமாள் கோயிலிலிருந்து நடந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு வந்து பூக்குழி இறங்குகிறார்கள். ராஃபிள்ஸோடு 1819-இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-இல் நிறுவிய கோயில். சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் அதற்கு ஓராண்டு முன் தொடங்கிய ஜாமியா பள்ளிவாசல் சில அடி தள்ளி. இரண்டும் இருப்பது சைனாடவுன் நடுவில். அங்குள்ள டெம்பிள் ஸ்திரீட், மாஸ்க் ஸ்திரீட் பெயர்களுக்கு இவைதான் காரணம். பகோடா ஸ்திரீட்டின் பகோடாவும் நம் மாரியம்மன் கோபுரமே. தலைமைப் பூசாரி கரகத்தோடு முதலில் இறங்க, மஞ்சள் வேட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதை மதிலுக்கு வெளியே சீனக் கடைக்காரர்களோடு நின்று கேட்டேன். கோயிலுக்குள் இடம் கிடைக்க இன்னும் முன்னதாக வந்திருக்க வேண்டும்.

தீபாவளியன்று நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. எண்ணெய் வைத்துக்கொண்டு காதைத் தீட்டினேன். லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தம்தான். 1972-இல் பட்டாசைத் தடை செய்த ஊர். வெடிச்சத்தம் போன குறையைத் தீர்க்கச் சீனப் புத்தாண்டுக்கு 1973-இல் சிங்கே என்ற அணிவகுப்பைத் தொடங்கினார்கள். தீபாவளிக்கு விளக்குகள் போதும் என்று விட்டுவிட்டார்கள் போலும். உண்மையில் அங்கே தீபாவளி முந்தின இரவிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. சிராங்கூன் சாலை விளக்குத் தோரணங்களின் கீழ் நள்ளிரவு வரை மல்லிகைக்கும் முறுக்குக்கும் நடந்த இழுபறியே அந்த ஊர்ப் பட்டாசு. எனவே யாராவது கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்: பண்டிகை நாளுக்கு டிக்கெட் போடாதீர்கள், அதற்கு மூன்று நாள் முன்னதாகப் போடுங்கள். தங்குமிடம் சிராங்கூன் சாலையை ஒட்டி இருந்தால், ரயில் நின்ற பிறகும் நடந்தே வந்துவிடலாம்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் புதுப் பட்டியல் வந்ததும் தங்கை படம் அனுப்புகிறாள். 11 நாட்கள் அச்சில் இருக்கின்றன. பென்சிலில் இரண்டு குறிப்புகள் இருக்கும். கீழே தைப்பூசம், மேலே, சீனப் புத்தாண்டுக்கு முந்தின தேதியின் பக்கத்தில், "நைட்". நான் இரண்டாவதை முதலில் பார்க்கிறேன். அது இருந்தால்தான் மற்றது உண்டு. பார்த்துவிட்டு டிக்கெட் போடுகிறேன்.