பெரியப்பாவிடம் மிஞ்சிய சொல்

எரியோட்டில் எங்கள் பெரியப்பாவுக்கு வாதம் அடித்தபின் மிஞ்சியது ஒரே சொல்: "சரித்தான்." சாப்பாடு வேண்டுமா என்றாலும் சரித்தான், கரண்டு போனாலும் சரித்தான், கோபம் வந்தால் அதையே கத்துவார். கைகாலுக்கு பிசியோ பார்த்தார்கள். பேச்சைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஒருவரும் வாயே திறக்கவில்லை. பெரியவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊர் முடிவுகட்டியது. நானும் நம்பினேன்.

தங்கையைப் பார்க்க டொரண்டோ போனேன். நயாகராவை விட்டுவிடுகிறேன், அதை எழுதாத தமிழர் இல்லை. நான் வாய் பிளந்தது ஸ்கார்பரோவில், ஒரு சாப்பாட்டு மேசையில்.

தங்கையின் சிநேகிதி, யாழ்ப்பாணத்துக்காரர், பெரியப்பா கதையைக் கேட்டதும் "அது அஃபேசியா" என்றார். மூளையில் மொழிக்கான இடம் அடிபட்டிருக்கிறது, அறிவு அல்ல. 1861இல் பாரிசில் டாக்டர் புரோக்கா பார்த்த லெபோர்ன் என்பவருக்கும் "டான்" என்ற ஒலிதான் மிஞ்சியதாம். டொரண்டோவிலேயே ஸ்கார்ஸ்டேல் சாலையில் இதற்கென்று ஒரு நிலையம் உண்டு. கணவருக்கு இந்த நிலை வந்தபின் பேட் அராட்டோ என்ற பெண்மணி 1979இல் தொடங்கியது. அங்கே ஔரா கேகன் வகுத்த உரையாடல் முறையைச் சிநேகிதி, என்னைப் பெரியப்பாவாக்கி, செய்தே காட்டினார்.

"இப்ப நீங்கள் கதைக்கக் கூடாது, சரியோ? பெரியப்பா என்ன வேலை செய்தவர்?"

வாயை மூடிக்கொண்டேன். தடித்த பேனாவால் தமிழில் எழுதினார்: வயல், கடை, மில். மில்லைத் தொட்டேன். ஒரு சக்கரம் வரைந்தார், ஒரு நூல்கண்டு வரைந்தார். ஆம், இல்லை என்று எழுதிய சீட்டை முன்னால் தள்ளிவிட்டு, அவசரமே இல்லாமல் காத்திருந்தார். ஐந்தாவது கேள்வியில் நூற்பாலை வந்துவிட்டது! நடுவே நான் தடுமாறியபோது சொன்னார்: "உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும்." இரண்டு வருடமாகப் பெரியப்பாவிடம் நாங்கள் சொல்லாத வார்த்தை அது.

2001இல் வெளியான கேகன் குழுவின் ஆய்வில் இந்த முறையில் பயிற்சி பெற்றவர்கள் தன்னார்வலர்கள் மட்டுமே. ஆனால் எதிரே இருந்த அஃபேசியாக்காரர்களின் உரையாடலும் மேம்பட்டது. ஆக, பயிற்சி வேண்டியது எனக்கு.

நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அஃபேசியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோ வீட்டுக்கே வருகிறது. பேச்சுப் பயிற்சியும் கூடவே வரட்டும் என்று குடும்பங்கள் சேர்ந்து போய்க் கேட்கவேண்டும். எங்கள் வேடசந்தூர் வட்டத்தில் மட்டும் இப்படிச் சொல் இழந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் திண்ணைகள் எத்தனையோ!

அதுவரை, வாதம் வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸ் வாங்காதீர்கள். ஒரு நோட்டும் தடித்த பேனாவும் கொண்டுபோங்கள்.