ஐந்தாவது டவுன்

அக்டோபர் 19, 2024, சனி

ஆஸ்டினில் இன்று கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் டெக்சஸும் ஜார்ஜியாவும் மோதின. மகள் மாணவர்கள் பகுதியில், நான் வீட்டில் டிவி முன்னால். இடைவேளையில் ஜார்ஜியா 23–0. மூன்றாவது கால்பகுதியில்தான் டெக்சஸுக்கு உயிர் வந்தது. ஜாடே பாரன் எதிரணி எறிந்த பந்தைக் குறுக்கே பாய்ந்து பிடித்து, கோல் கோட்டுக்கு ஒன்பது கெஜம் வரை ஓடினார். ஆனால் மஞ்சள் கொடி விழுந்திருந்தது. பந்துக்கு வந்தவரைப் பாரன் தடுத்துவிட்டாராம். ரீப்ளேயில் எனக்கு அவர்மேல் தப்பு தெரியவில்லை.

கூட்டம் கொதித்துவிட்டது. மைதானத்துக்குள் பாட்டில்கள் பறந்தன. “அப்பா, முன்வரிசைல இருந்து வீசறாங்க, நாங்க மேல ஏறிட்டோம்” என்று மகள் போனில் கத்தினாள். டெக்சஸ் பயிற்சியாளர் சார்க்கிசியனே அந்தப் பக்கம் ஓடிப்போய் நிறுத்தச் சொல்லிக் கையெடுத்துக் கேட்டார். குப்பையை அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் நடுவர்கள் கூடிப் பேசினார்கள், கொடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உடனே டெக்சஸுக்கு இன்னொரு டச்டவுன். 23–15. கடைசியில் ஜார்ஜியாவே 30–15 என்று ஜெயித்தது. இல்லாவிட்டால் இன்றிரவு இந்த ஊர் தூங்கியிருக்காது.

அக்டோபர் 20, ஞாயிறு

டெக்சஸுக்கு 2,50,000 டாலர் அபராதம். வீசியவர்களை வீடியோவில் கண்டுபிடித்து, இந்தக் கல்வியாண்டு முழுக்க அரங்குக்குள் விடக்கூடாது என்றும், இரு அணிகளும் ஆடும் எஸ்இசி கூட்டமைப்பு உத்தரவு. கொடி போட்ட நடுவரே தன் தவறை ஒப்புக்கொண்டார் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பாட்டில் வீசினால் தீர்ப்பு மாறும் என்ற முன்னுதாரணம் வந்துவிட்டதே என்பது ஜார்ஜியா பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட்டின் வருத்தம். அதில் நியாயம் இருக்கிறது. திருத்தம் சரி, அதற்கு அவகாசம் கிடைத்த விதம் அசிங்கம். ஒரு பாட்டில் யார் தலையிலாவது பட்டிருந்தால்?

கல்லூரி விதிப்படி இந்தத் தடுப்புக் குற்றத்தை ரீப்ளே அறையில் வைத்துத் திருத்த முடியாது. தொழில்முறை லீகான என்எஃப்எல் 2019இல் அனுமதித்துப் பார்த்து, ஒரே சீசனில் கைவிட்டது. மெதுவாக ஓட்டிப் பார்த்தாலும் ஒருவருக்குக் குற்றமாகப் படுவது இன்னொருவருக்குப் படுவதில்லை. கண்ணின் தீர்ப்பில் பிழை வரும், அதோடு வாழ என்னால் முடியும். எனக்குப் பொறுக்காதது வேறு வகைப் பிழை.

அக்டோபர் 22, செவ்வாய்

அலுவலக நண்பர் ஒருவர் வெள்ளிக்கிழமை இரவுகளில் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவராகப் போகிறார். மதியச் சாப்பாட்டின்போது பையிலிருந்து ஒரு கறுப்பு எலாஸ்டிக் பட்டையை எடுத்துக் காட்டினார். மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது. அதிலிருந்து ஒரு சின்ன வளையம் நீள்கிறது. முதல் டவுன் என்றால் வளையம் ஆள்காட்டி விரலில், இரண்டாவதுக்கு நடுவிரலில், மூன்றாவதுக்கு மோதிர விரலில், நான்காவதுக்குச் சுண்டுவிரலில். பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு என்பதுதான் இந்த ஆட்டத்தின் அடித்தளம். அதை இவ்வளவு எளிய பொருளை வைத்து எண்ணுகிறார்கள். ஒவ்வொரு டவுன் முடிந்ததும் வளையத்தை மாற்றிவிட்டு, மற்ற நடுவரின் கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வாராம். எலாஸ்டிக் நைந்து வெளுத்திருந்தது.

1990இல் மிசூரி ஆட்டத்தில் நடந்த எண்ணிக்கைப் பிழையைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

அக்டோபர் 23, புதன்

நேற்று இரவு அந்த ஆட்டத்தின் பழைய படத்தைத் தேடிப் பார்த்தேன். 1990 அக்டோபர் 6, கொலம்பியா நகரம். மிசூரி 31, கொலராடோ 27. கோட்டுக்கு மூன்று கெஜத்தில் கொலராடோவுக்கு முதல் டவுன். கடிகாரத்தை நிறுத்த, குவார்ட்டர்பேக் சார்ல்ஸ் ஜான்சன் பந்தைத் தரையில் அடித்தார். இரண்டாவதில் எரிக் பெனிமி ஓடி, ஒரு கெஜத்தில் மடக்கப்பட்டார். டைம் அவுட். இங்கேதான் கோளாறு: ஓரத்தில் டவுன் எண்ணைக் காட்டும் கம்பத்தில் எண்ணை மாற்றவில்லை. மைதானத்தில் இருந்த நடுவர் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மறுபடியும் பெனிமி, மறுபடியும் தடுத்துவிட்டார்கள். மறுபடியும் பந்தைத் தரையில் அடித்தார் ஜான்சன். அது நான்காவது. அங்கேயே பந்து மிசூரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஐந்தாவதில் ஜான்சனே பந்தோடு புகுந்தார். கோட்டைத் தொட்டாரா என்பதே தனி வழக்கு.

ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். நடுவர்கள் நெடுநேரம் கூடிப் பேசினார்கள். எல்லாம் பேசி முடித்தும் முடிவு 33–31, கொலராடோவுக்கு வெற்றி. பிக் எய்ட் அமைப்பு நடுவர் குழுவைக் காலவரையின்றி நிறுத்திவைத்தது. ஆட்டத்தின் முடிவைத் தொடவில்லை. அந்த ஆண்டு ஏபி செய்தி நிறுவன வாக்கெடுப்பில் தேசிய சாம்பியன் கொலராடோ. அதன் பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி இளமையில் மிசூரிக்கே ஆடியவர். ஆட்டம் முடிந்ததும் மைதானம் வழுக்கியதைப் பற்றித்தான் குறை சொன்னார்.

மிசூரிப் பையன்கள் நான்கு டவுனிலும் கோட்டைத் தாண்ட விடவில்லை. விதி கேட்ட அத்தனையையும் செய்தார்கள். படம் பார்க்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்டோபர் 25, வெள்ளி

இதே பிழை 1940 நவம்பர் 16இலும் நடந்தது, ஹானோவரில், டார்ட்மத்துக்கு எதிராகக் கார்னெல் ஆடியபோது. நடுவர் ரெட் ஃப்ரீஸல் எண்ணிக்கையில் குழம்பினார். ஐந்தாவது டவுனில் கார்னெல் பந்தை எறிந்து டச்டவுன் எடுத்து 7–3 என்று வென்றது. பிறகு படச்சுருளைப் போட்டுப் பார்த்தார்கள். ஃப்ரீஸல் தவறை ஒப்புக்கொண்டார். கார்னெல் அப்போது தோல்வியே காணாத அணி. இருந்தும் வெற்றியை விட்டுக்கொடுப்பதாக டார்ட்மத்துக்குத் தந்தி அடித்தது. ஏட்டில் இன்றும் டார்ட்மத் 3, கார்னெல் 0 என்றுதான் இருக்கிறது. கொலராடோ அப்படிச் செய்யவில்லை. விதியும் அதைச் செய்யச் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்தது என்று தலைமை நடுவர் அறிவித்துவிட்டால் புள்ளிகள் இறுதியானவை.

அக்டோபர் 27, ஞாயிறு

நடுவர் நண்பரோடு நீண்ட வாதம். முடிந்த ஆட்டங்களின் முடிவுகளை மறுபடி திறந்துவிட்டால் திங்கள்தோறும் வக்கீல்கள் வந்து நிற்பார்கள் என்கிறார். 2006இல் யூஜீனில் ஓரிகனுக்கு எதிராக ஓக்லஹோமா 33–34 என்று தோற்ற ஆட்டத்தை நினைவுபடுத்தினார். ஓரிகன் உதைத்த பந்தை அதன் வீரரே, விதிக்கு மாறாக, பத்து கெஜம் போகுமுன் தொட்டார், கடைசியில் பந்தை எடுத்தது ஓக்லஹோமா. ரீப்ளே பார்த்தும் பந்தை ஓரிகனுக்கே கொடுத்தார்கள். ரீப்ளே அறையில் இருந்தவருக்கு மிரட்டல் அழைப்புகள் வந்தன. வெட்கக்கேடு. ஆனால் அதன் பிறகும் ஒரு நிமிடத்துக்குமேல் ஆட்டம் மிச்சம் இருந்தது. பிழை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதைத் திருத்த நான் கேட்கவில்லை.

2016 செப்டம்பர் 10 அப்படியல்ல. ஓக்லஹோமா ஸ்டேட் 27–24 முன்னிலை. நான்காவது டவுனில் பந்தை வெறுமனே எறிந்து மிச்ச நேரத்தைத் தீர்த்தது. அது குற்றம்தான், ஆனாலும் விதிப்படி ஆட்டம் அத்தோடு முடிந்தது. நடுவர்கள் எதிரணியான சென்ட்ரல் மிச்சிகனுக்கு ஒரு கூடுதல் வாய்ப்புக் கொடுத்தார்கள். அதில் அந்த அணி 30–27 என்று ஜெயித்தது. 2015இல் டியூக்கும் மயாமியும் ஆடிய ஆட்டமும் இதே வகை: கடைசி உதையில் எட்டு முறை பந்து கைமாறியது, இடையில் ஒருவரின் முழங்கால் தரையில் பட்டிருந்தது, அங்கேயே அது முடிந்திருக்க வேண்டும், ஆனால் மயாமி 30–27 என்று ஜெயித்தது. இரண்டிலும் நடுவர்களுக்கு இரண்டு ஆட்டத் தடை, முடிவில் மாற்றமில்லை.

என் கோரிக்கை சின்னது. நடந்திருக்கவே கூடாத கடைசி வாய்ப்பில் வந்த புள்ளிகளை, எண்ணிக்கைப் பிழையோ விதிப் பிழையோ ரீப்ளேயில் தெளிவாகத் தெரிந்த பிறகு, மறுநாளாவது நீக்க வேண்டும். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் விதிக்குழு இதை எழுதிச் சேர்க்கட்டும். நண்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. படிக்கிறவர்கள் 1990 படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், 33–31 என்ற அந்த முடிவு நிற்கத் தகுந்ததா என்று.