இரண்டு முறை நாவலர்

ஜெயலலிதா மறைந்த பின், 2017 பிப்ரவரியில், அதிமுக சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த கூவத்தூர் விடுதியின் வாசலைத் தொலைக்காட்சிகள் இரவும் பகலும் காட்டிக்கொண்டிருந்த நாட்களில், எனக்கு நாவலர் நெடுஞ்செழியன் நினைவுதான் வந்துகொண்டிருந்தது. முதல்வர் நாற்காலி திடீரென்று காலியானபோது இரண்டு முறை இடைக்காலப் பொறுப்பு அவரிடம் வந்தது. 1969 பிப்ரவரி 3-இல் அண்ணா மறைந்தபோது ஒரு வாரம்; 1987 டிசம்பர் 24-இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது இரண்டு வாரம்.

எம்.ஜி.ஆர். போன அன்று எங்கள் தெருமுனையில் கீற்றுப் பந்தல் போட்டுப் படத்துக்கு மாலை சாத்தினார்கள். பந்தலில் ஒன்றாக நின்று அழுதவர்களே பொங்கலுக்குள் ஜானகியின் ஜா அணி, ஜெயலலிதாவின் ஜெ அணி என்று பிரிந்து முகம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஜனவரி 7-இல் ஜானகி அம்மையார் முதல்வரானார். 28-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பன்று சட்டப்பேரவைக்குள்ளேயே போலீஸ் தடியடி. 30-ஆம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது. மறு ஆண்டுத் தேர்தலில் அதிமுகவின் இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டிருந்தது. ஜெ அணியின் சேவலுக்கு 27 இடம், ஜா அணியின் புறாவுக்கு 2. அந்தப் பந்தல்காரர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. யார் தலைவர் என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

1969 இவ்வளவு கொந்தளிக்கவில்லை. பிப்ரவரி 10-இல் கலைஞர் பதவியேற்றார். அண்ணாவின் அமைச்சரவையில் இரண்டாம் இடத்திலிருந்த நாவலர், கலைஞரின் அமைச்சரவையில் முதலில் சேராமல் ஒதுங்கி நின்று பிறகு சேர்ந்தார். அந்த மனத்தாங்கலை என் அப்பா காலத்துக் கழகத்தார் வெகுநாள் பேசினார்கள். பேசும்போதெல்லாம் திமுகவின் 1956 திருச்சி மாநாட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கேதான் அண்ணா, தான் நன்றாக இருக்கும்போதே, மாநாட்டு மேடையில், பொதுச்செயலாளர் பொறுப்பை ஏற்கும்படி தம்பி நெடுஞ்செழியனை அழைத்தார். தொண்டர்கள் கண்முன் நடந்த அந்த மாற்றத்தில் கட்சி உடையவில்லை.

ஆட்சிக்கு வந்த பின் அந்த வழக்கம் போய்விட்டது. அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா மூவரும் பதவியில் இருந்தபோதே மறைந்தார்கள். அடுத்தவர் யார் என்று மூவருமே சொல்லிவிட்டுப் போகவில்லை. 2017-இல் எடப்பாடி பழனிசாமி 122 வாக்குகளோடு நம்பிக்கைத் தீர்மானத்தில் வென்றார். எதிர்த்து விழுந்தவை 11. எண்ணப்பட்டவை சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்குகள் மட்டுமே. கட்சிக்குக் கொடி கட்டியவனின் வாக்கு அதில் இல்லை.

ஆளுங்கட்சித் தலைவர்களை வேண்டிக் கேட்கிறேன்: நீங்கள் நலமாக இருக்கும்போதே, தொண்டர் கூடிய மேடையில், அடுத்தவர் யார் என்பதைப் பேசி முடியுங்கள்.