அடி தட்டும் காரும் 10 சென்டிமீட்டர் மேடும்



தேர்த் திருவிழாவுக்கு நம் மேல்சித்தாமூருக்கு வந்திருந்த அந்தச் சிவப்பு நிறத் தாழ்வான காரைப் பற்றி இதுவரை பதினொரு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். "நம்ம ரோட்ல அது எப்படி சார் வந்துச்சு? அடி தட்டலையா?" என்பதுதான் கேள்வி. தட்டியது. நிறையவே தட்டியது. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். கணக்கு வாத்தியார் எழுதுவது என்பதால் நடுவில் கொஞ்சம் முக்கோணவியல் வரும். பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது.

கார் என் பழைய மாணவன் ஒருவனுடையது. சென்னையில் பதினாறு வருடம் உழைத்து, இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறான். இரண்டு பேர்தான் உட்கார முடியும். அவன் அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊருக்குள் ஒரு முறை வர வேண்டும் என்பது பையனின் ஆசை. திண்டிவனத்தில் அப்பாவை ஏற்றிக்கொண்டான். முதல் வேகத்தடையில் முன்பக்கத்துக் கீழுதடு 'கரக்' என்று தேய்ந்தது. "டேய், நிறுத்துடா, நான் எறங்கிக்கிறேன்" என்று இறங்கிவிட்டார். இறங்கி, முன்னால் போய்க் குனிந்து பார்த்து, லாரிக்குக் கை காட்டுவதுபோல "வா, வா, ஒடி, இன்னும் ஒடி" என்று மேட்டைத் தாண்ட வைத்தார். ஊர் வந்து சேர்வதற்குள் ஏழு முறை இறங்கி ஏறினாராம். வயது எழுபத்தொன்று, இரண்டு முழங்காலிலும் வலி. கடைசியில், "லாரிக்கு அடியில ஒரு ஆளு படுத்துத் தூங்கலாம், இதுக்கு அடியில பூனை கூட பூராது. அடுத்த தடவை நான் பஸ்ஸுலயே வந்துடறேன்பா" என்றிருக்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. வண்டியின் வயிறு தேயும் சத்தத்தை ஒரு டிரைவரின் காதால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் பையன் முகம் வாடிவிட்டது. தேர் நிலைக்கு வரும் வரை அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

பெரியவர் செய்ததில் அறிவியல் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆள் இறங்கினால் ஸ்பிரிங்கின் மேல் பாரம் குறைந்து வண்டி கொஞ்சம் உயரும். தரைக்கும் வண்டிக்கும் 12 செ.மீ. மட்டுமே இடைவெளி உள்ள காருக்கு அந்தக் கொஞ்சமும் பெரிய விஷயம். நம் ஊரில் நிறையப் பேர் வைத்திருக்கும் மாருதி ஸ்விஃப்டுக்கே இடைவெளி 16.3 செ.மீ.தான். ஐந்து பேர் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்தால் அதுவும் தட்டும்.

இப்போது கணக்கு. முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் கீழுதடு 80 செ.மீ. முன்னால், 12 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 12-ஐ 80-ஆல் வகுத்தால் 0.15. இதை டேன் மதிப்பாகக் கொண்ட கோணம் ஏறக்குறைய 8.5 பாகை. சக்கரத்தின் வளைவையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும், அதை விடுங்கள். அந்தக் கோணத்தைவிடச் செங்குத்தாக எழும்பும் எதுவும், உதட்டைத் தொடும் அளவு உயரமாக இருந்தால், சக்கரம் ஏறுவதற்கு முன்பே உதட்டில் இடிக்கும்.

வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-லேயே வரையறுத்திருக்கிறது. ஐ.ஆர்.சி. 99 என்பது அதன் எண். உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். 25 கி.மீ. வேகத்தில் நிம்மதியாகக் கடக்கலாம். பத்தாம் வகுப்பில் நாம் போட்ட வட்டநாண் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இந்த மேட்டின் விளிம்பில் சரிவு சுமார் 6 பாகைதான் வரும். காரின் 8.5 பாகை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். சரி, நடு வயிறு தட்டாதா? இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 2.5 மீட்டர் என்றால், மேட்டின் உச்சி காரின் நடுவில் வரும்போது சக்கரங்களைவிட 4.6 செ.மீ.தான் உயர்ந்திருக்கும். நமக்கு 12 இருக்கிறது. ஆக, விதிப்படி போட்ட வேகத்தடையில் அந்தச் சிவப்புக் கார் எங்கேயும் உரசாது!

அந்தக் கார் உரசிய மேடுகளில் ஒன்றை டேப் வைத்து அளந்து பார்த்தேன். உயரம் 16 செ.மீ., அகலம் 70 செ.மீ. சரிவு 25 பாகைக்கு நெருக்கம். வெள்ளைக் கோடு இல்லை, முன்னறிவிப்புப் பலகையும் இல்லை. அதைச் சுவர் என்றே சொல்லலாம்.

குறுக்காக ஓட்டுவது, அதாவது பெரியவர் சொன்ன 'ஒடி', எவ்வளவு உதவும்? மேட்டை நேராக ஏறாமல் 45 பாகை சாய்த்து ஏறினால் அதே உயரத்தை 1.4 மடங்கு நீளத்தில் ஏறுகிறோம். மலைக்குப் பாதை வளைந்து வளைந்து போவது இதனால்தான். 25 பாகைச் சரிவு 18 பாகையாகக் குறையும். சுமாரான மேட்டுக்கு இது போதும். இந்தச் சுவருக்குப் போதாது. குறுக்காக ஓட்டும்போது பின்னால் வரும் பைக்காரர் நாம் திரும்பப் போகிறோம் என்று நினைத்துக்கொள்வார், அதையும் கவனிக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் செய்வதில்லை. பிரேக்கை மேட்டுக்கு முன்னாலேயே பிடித்து, சக்கரம் ஏறத் தொடங்கும்போது விட்டுவிட வேண்டும். பிரேக்கில் கால் இருந்தால் வண்டியின் மூக்கு கீழே குனியும். தட்டாமல் போக வேண்டிய வண்டியும் அதனால் தட்டிவிடும்.

கீழுதட்டைக் காப்பதற்கென்று கடைகளில் பல பொருள்கள் விற்கிறார்கள். கண்ணாடி போன்ற பாலியூரிதேன் படலம் ஒட்டினால் நெடுஞ்சாலையில் தெறிக்கும் சரளைக் கல்லைத் தாங்கும், சிமெண்ட் மேட்டின் தேய்ப்பைத் தாங்காது. உதட்டின் அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை மலிவு. முதலில் அது தட்டி நம்மை எச்சரிக்கும், காற்று போகும் வழியை மட்டும் அடைக்காமல் ஒட்ட வேண்டும். கெட்டியான, வழுக்கும் பிளாஸ்டிக்கில் செய்த அடித்தகடும் உண்டு. அது தேயும், வண்டி தேயாது. தேய்ந்ததும் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். என்னைக் கேட்டால் இதுதான் உருப்படியான வழி. விலை உயர்ந்த கார்களில் பொத்தானை அழுத்தினால் முன்பக்கம் சுமார் 4 செ.மீ. உயரும். சிலவற்றில், ஒரு முறை தூக்கிய இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை தானாகவே தூக்கிக்கொள்ளும். நம் பக்கத்துக்கு அதை ஓட்டி வந்தால் மூக்கை இறக்க நேரமே கிடைக்காது.

இதற்கு நேர்மாறாக, ஸ்பிரிங்கை வெட்டி நல்ல காரைத் தாழ்த்திக்கொள்ளும் தம்பிகளும் இருக்கிறார்கள். வேண்டாம் கண்ணுகளா. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் அதை ஒப்புக்கொள்ளாது.

தேயட்டும் என்றே அடியில் ஒன்றைப் பொருத்துவது பந்தயக் கார்களிலும் உண்டு. 1994-ல் இமோலாவில் ராட்சன்பெர்கரும் அயர்டன் சென்னாவும் இறந்த பிறகு, ஃபார்முலா ஒன் கார்கள் தரையை ஒட்டிப் போவதைத் தடுக்க, அடியில் 10 மி.மீ. தடிமனுள்ள பலகை ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். 1 மி.மீ.க்கு மேல் தேய்ந்தால் தகுதிநீக்கம். அதே ஆண்டு பெல்ஜியத்தில் முதலாவதாக வந்த ஷூமாக்கர் அதனால்தான் வெற்றியை இழந்தார். 2023-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில் இரண்டாவதாக வந்த ஹாமில்டனுக்கும் அதே கதி. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டிய காரிலும் அந்தப் பலகை இருந்தது. உலகத்தின் மிக வேகமான கார்களுக்கே அடி தேய்வது 1 மி.மீ. கணக்கு. நம் பையனின் கார் ஒரே நாளில் அதைத் தாண்டியிருக்கும்.

சரி, அந்த 16 செ.மீ. மேட்டை யார் போட்டார்கள்? அந்தத் தெருமுனையில் ஒரு குழந்தை அடிபட்டது. மறுநாளே அக்கம்பக்கத்தார் மீந்திருந்த சிமெண்ட்டைக் குழைத்துக் கொட்டினார்கள். அந்தத் தாயின் முன்னால் நின்று, 17 மீட்டர் ஆரம் என்று யாராலும் பேச முடியாது. வண்டிகள் மெதுவாகப் போக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதே மேட்டில்தான் பிரசவத்துக்குப் போகும் பெண்ணும் 108-இல் போகிறாள். இரவில் கோடு தெரியாமல் மொபெட்டில் வருபவர் விழுகிறார். இடுப்பு எலும்பு முறிந்தவரை ஏற்றிச் செல்லும் வண்டியும் அங்கேதான் குதிக்கிறது. தாழ்வான காரின் உதடு தேய்வது இவற்றில் மிகச் சிறியது. சத்தம் வந்ததால் அது நம் காதில் விழுந்தது. (தேர் ஓடும் வீதியில் இப்படி ஒரு மேடு போட யாருக்கும் துணிச்சல் வராது என்பதையும் கவனியுங்கள். போட்டால் வடம் பிடிப்பவர்களே பெயர்த்துவிடுவார்கள்.)

இந்த மேட்டைப் பற்றி உரிய அலுவலகத்துக்கு மனு கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு இருக்கிறது, வேறொன்றும் இல்லை. 'அகலமாகப் போட்டால் செலவு எகிறும் சார்' என்று ஒருவர் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 மீட்டர் அகலத் தெருவில் இப்போதுள்ள மேடு ஏறக்குறைய 0.3 கன மீட்டர். விதிப்படி போட்டால் 1 கன மீட்டர். கூடுதல் 0.7 கன மீட்டர் கலவை. அந்தப் பையன் முன் பம்பரைச் சரிசெய்யக் கொடுக்கப் போகும் பணத்தில் இப்படிப் பல மேடுகள் போடலாம்.

பக்கத்துக் கிராமத்தில் வார்டு உறுப்பினராக இருக்கும் என் மாணவி ஒருத்தி, அனுமதி வாங்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறாள். அவளுக்காகத் தச்சர் ஒருவரிடம் ஒட்டுப்பலகையில் அச்சு வெட்டச் சொல்லியிருக்கிறேன். மற்ற ஊர்களில் இருப்பவர்களும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் உயரம் 10 செ.மீ., நடுவிலிருந்து அரை மீட்டர் தள்ளி 9.3, ஒரு மீட்டரில் 7.1, ஒன்றரை மீட்டரில் 3.4, 1.85 மீட்டரில் பூச்சியம். மறுபக்கமும் அப்படியே. கலவை இறுகுவதற்கு முன் இந்த அச்சை வைத்து இழுத்தால் வளைவு தானாக வந்துவிடும். பிறகு வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடிக்க வேண்டும். 40 மீட்டர் முன்னால் ஒரு பலகையும் நட வேண்டும். அச்சுப்பலகை வெள்ளிக்கிழமை வந்துவிடும், என் வீட்டுத் திண்ணையில் வைத்திருப்பேன். தேவைப்படுபவர்கள் எடுத்துக்கொண்டு போய் வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.